பிராணிகளின் உடலமைப்பும் பொறியியலும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமயமும் இலக்கியமும் முழங்கும் இம்மேடையில் எலும்பையும் புழுவையும் பல்லியையும் பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைப் பணித்திருக்கிறார். அவர் தந்த தலைப்பு "பிராணிகளின் உடலமைப்பும் பொறியியலும்" என்பதாகும். இத்தலைப்பைக் கண்டவுடனே, "இது கணிதப் பிரிவாருக்கு உரியதா, உயிரியற் பிரிவாருக்கு உரியதா?" என்று இளைஞர் சிலர் கேட்கக்கூடும். அப்படிக் கேட்கும்படி அவர்களைப் பழக்கியவர்கள் நாமே. க.பொ.த. உயர்தர வகுப்பு வாசலிலே பிள்ளைகளை இரு கூறாக்கி, ஒரு கூட்டத்தாரிடம் தவளையைக் கொடுத்து, மற்றக் கூட்டத்தாரிடம் நெம்புகோலைக் கொடுத்து, நடுவே மதிலும் எழுப்பிவிட்டோம். பொறியியலாளனாக விரும்பும் பிள்ளை அன்றோடு விலங்கியலுக்கு விடைகொடுக்கிறான். வைத்தியனாக விரும்பும் பிள்ளை அன்றோடு கணிதத்தைக் கைவிடுகிறான். இந்த மதிலால் இழப்பது எவ்வளவு என்பதை, மதில் இல்லாத இடங்களில் நடந்த சில காரியங்களைக் கொண்டு காட்ட முயல்கிறேன்.

முதலில் எலும்பு. ஓர் ஆட்டின் தொடையெலும்பை நீளவாக்கில் அறுத்துக் கொண்டுவரலாமா என்று எண்ணினேன். இம்மண்டபத்துக்கு அது தகாதென்று விட்டுவிட்டேன். கரும்பலகையில் வரைந்து காட்டுகிறேன். (இங்கு படம் வரையப்பட்டது.)

நமது தொடையெலும்பின் மேல்முனையைப் பாருங்கள். உடலின் பாரம் நேராகத் தண்டின் மேலே இறங்கினால் யாதொரு சிக்கலும் இல்லை. ஆனால் எலும்பின் தலை உட்பக்கமாகச் சாய்ந்து, ஒரு கழுத்தின் முனையில் நிற்கிறது. பாரம் இறங்குவது அத்தலையின் மேல். துறைமுகத்திற் கப்பலிலிருந்து மூடையிறக்கும் பாரந்தூக்கியைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதன் கை எவ்வாறு ஒரு பக்கமாக நீண்டு பாரத்தைத் தாங்குகிறதோ அவ்வாறே இதுவும் தாங்குகிறது. அத்தகைய கையின் உட்புறம் நெருக்கப்படும், வெளிப்புறம் இழுக்கப்படும். இவ்வெலும்பின் உள்ளே இருப்பதோ கடற்பஞ்சு போன்ற மெல்லிய எலும்புத் தகடுகள். மேலோட்டமாகப் பார்ப்பவனுக்கு அவை ஒழுங்கின்றிக் கிடப்பனபோலத் தோன்றும். சூரிச் நகரத்திலே உடற்கூற்றியற் பேராசிரியராக இருந்த ஹேர்மன் வொன் மயர் என்பவர், அவை இரு வரிசை வளைவுகளாக ஒன்றையொன்று குறுக்கிட்டு ஓடுவதைக் கண்டார். கண்டாரேயன்றி, அவ்வாறு ஓடுவதன் காரணம் அவருக்கு விளங்கவில்லை.

அதே நகரத்துப் பொறியியற் கல்லூரியிலே கார்ல் குல்மன் என்னும் பேராசிரியர் இருந்தார். பாலங்களிலும் தூக்கிகளிலும் பாரம் எவ்வழியாக ஓடுகின்றதென்பதைக் கோடு வரைந்தே கணிக்கும் முறையை வளர்த்தவர் அவர். 1866 ஆம் ஆண்டிலே மயர் காட்டிய எலும்புத் துண்டைக் குல்மன் கண்டார். தாம் வளைந்த தூக்கியொன்றுக்கு வரைந்த கோடுகளே அவ்வெலும்பினுள் வரையப்பட்டிருப்பதைக் கண்டு வியந்தார். நெருக்கம் ஓடும் வழியில் ஒரு வரிசைத் தகடுகள். இழுவை ஓடும் வழியில் மற்றொரு வரிசை. இரண்டும் செங்கோணத்திற் சந்திக்கின்றன. வேலையில்லாத இடத்தில் எலும்பு இல்லை. மயர் தனியே நூறாண்டு உற்றுப் பார்த்திருந்தாலும் இது விளங்கியிராது. குல்மன் தனியே எத்தனை தூக்கி வரைந்தாலும் எலும்பை நினைத்திருக்க மாட்டார். இருவரும் ஓரிடத்திலே கூடியமையால் ஓர் உண்மை பிறந்தது.

அதன்பின் பேர்லின் நகரத்துச் சத்திரவைத்தியர் யூலியுஸ் வொல்வ், பாரம் மாறினால் எலும்பின் உள்ளமைப்பும் மாறும் என்பதை 1892 இல் ஒரு விதியாகவே வெளியிட்டார். விண்வெளியில் மிதந்து வாழ்வோருக்கு இடுப்பு, கால் எலும்புகளின் சத்து மாதமொன்றுக்கு ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு குறைகிறதென்று பிற்காலத்தில் அளந்து கண்டமையும் இவ்விதிக்குச் சான்று. சுமையில்லாத எலும்பை உடல் வீண்செலவென்று கருதிக் கரைத்துவிடுகிறது.

இச்சிக்கனத்தைப் பொறியியலாளர் இன்று கணினிக்குக் கற்பித்திருக்கிறார்கள். ஜேர்மனியிலே கால்ஸ்றூஹ நகரத்து விஞ்ஞானி குளோஸ் மத்தெக், எலும்பும் மரமும் வளரும் முறையைக் கணக்காக்கி, யந்திரவுறுப்பிலே பாரம் குறைந்த இடத்தில் உலோகத்தை நீக்கியும், பாரம் கூடிய இடத்திற் சேர்த்தும் வடிவமைக்கும் வழியைக் காட்டினார். மோட்டார் வண்டி உறுப்புக்கள் இவ்வழியால் இலேசாயின. 2015 இல் எயர்பஸ் கம்பனியார் விமானத்தின் உட்தடுப்பொன்றை எலும்பு வளரும் நியாயத்தையும் தழுவி அமைத்தபோது, பழைய தடுப்பிலும் பார்க்க அதன் நிறை நூற்றுக்கு 45 பங்கு குறைந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். பாரிசிலுள்ள ஐபெல் கோபுரம் தொடையெலும்பைப் பார்த்துக் கட்டப்பட்டதென்று பலர் எழுதுகிறார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மிகை. அக்கோபுரத்தின் முதற் படத்தை 1884 இல் வரைந்த மோறிஸ் கெக்லின் சூரிச்சிலே குல்மனிடம் பயின்ற மாணாக்கர். ஆசிரியரிடம் கற்ற கணக்கைக் கொண்டு, காற்றின் பாரம் ஓடும் வழியில் இரும்பை வைத்தார். எலும்பும் கோபுரமும் ஒரே கணக்குக்குக் கட்டுப்பட்டவை. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுந்ததன்று. இவ்வேறுபாட்டை இளைஞர்கள் மனத்திலிருத்துக.

இனிப் புழு. புழு என்கிறேனேயன்றி அது உண்மையிற் புழுவன்று. சிப்பி, மட்டி ஆகியவற்றின் இனத்தது. மரக்கலங்களின் அடிப்பலகையைத் துளைத்து அரித்துவிடும் இச்சீவனைக் கடலோடிகள் நன்கறிவர். 1731 ஆம் ஆண்டை அடுத்து ஒல்லாந்தரின் கடலணைகளில் நாட்டியிருந்த மரங்களையெல்லாம் இது தின்றுவிட, அந்நாடே கலங்கி, மரத்தைக் கைவிட்டுக் கல்லால் அணை காக்க நேர்ந்தது. மாந்தர் அனைவரும் அதைச் சபித்த காலத்திலே, அது எவ்வாறு துளைக்கிறதென்று குனிந்து பார்த்தவர் மார்க் புறூணல் என்பவர். பிரான்சிலே பிறந்து இங்கிலாந்திலே வாழ்ந்த பொறியியலாளர் அவர்.

இச்சீவனின் தலையிலே இரண்டு சிறு ஓடுகள் உண்டு. அவற்றின் விளிம்பு அரம் போன்றது. அவற்றை அசைத்து அசைத்து மரத்தைச் சுரண்டுகிறது. சுரண்டிய தூளை உடலின் ஊடே பின்னே தள்ளுகிறது. மேன்மையான உடலை அந்த ஓடு முன்னே காக்கிறது. ஆனால் புறூணல் கண்ட மிகப் பெரிய விடயம் இவையல்ல. ஈரமரம் ஊதி நெருக்கித் துளையை மூடிவிடாதபடி, போகப் போகத் தன் உடலிற் சுரக்கும் சுண்ணாம்பைக் கொண்டு துளையின் சுவரைப் பூசிக்கொண்டே போகிறது. தோண்டுவதும் தாங்குவதும் ஒரே வேளையில் நடைபெறுகின்றன.

இலண்டனிலே தேம்ஸ் நதியின் கீழே ஒரு சுரங்கப்பாதை வெட்ட 1807 ஆம் ஆண்டளவிற் சிலர் முயன்று தோற்றிருந்தனர். அடியிலுள்ளது கல்லன்று, சேறும் மணலும். தோண்டத் தோண்ட மேலேயுள்ளது சரிந்தது. புறூணல் 1818 இல் "கேடயம்" எனப்படும் ஒரு யந்திரத்துக்கு உரிமை பெற்றார். தேம்ஸ் வேலை 1825 இல் ஆரம்பமாயிற்று. அங்கே நிறுத்திய கேடயம் வருமாறு: பன்னிரண்டு இரும்புச் சட்டங்கள் அருகருகே நிற்கும்; ஒவ்வொன்றும் மூன்று தட்டு; ஆக 36 அறைகள். அறைக்கு ஒருவன் நின்று, தன் முன்னேயுள்ள ஒரு பலகையை மட்டும் கழற்றிச் சில அங்குலம் தோண்டிவிட்டு, அப்பலகையை முன்தள்ளி மீண்டும் பொருத்துவான். எல்லாப் பலகையும் முன்சென்றபின் சட்டத்தைத் திருகினால் முன்னே நகர்த்துவர். பின்னே நிற்கும் கொத்தர் உடனே செங்கல்லால் வளைவு கட்டிவிடுவர். புழுவின் ஓடு கேடயமாயிற்று. புழுவின் சுண்ணாம்பு செங்கல்லாயிற்று.

இது இலகுவில் முடிந்த காரியமன்று. 1827 இல் நதி உள்ளே புகுந்தது. 1828 சனவரியில் மீண்டும் புகுந்து ஆறு தொழிலாளரை மாய்த்தது. புறூணலின் மைந்தர் இசம்பார்ட் மயிரிழையில் உயிர் தப்பினார். பணமின்றி ஏழு ஆண்டுகள் வேலை நின்றது. 1843 மார்ச்சிலே பாதை திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறக்குறைய 1,300 அடி. வண்டிகளுக்கென எண்ணிய பாதையிற் பல ஆண்டு மனிதர் மட்டும் நடந்தனர். 1869 இல் அதனூடே புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. இன்றும் அதில் வண்டி ஓடுகின்றது.

உலகத்திற் பிற்காலத்து எழுந்த கேடய யந்திரங்கள் யாவும் அந்த 36 அறைகளின் வழித்தோன்றல்களே. நமது நாட்டிலும் உமா ஓயாத் திட்டத்திலே மலையைக் குடைந்தது கேடயமுடைய ஒரு பெரிய யந்திரமே. அத்திட்டம் 2024 இல் தொடக்கி வைக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்னரே, 2014 இன் பின், சுரங்கத்தினுள் நீர் பெருகி, மேலே பண்டாரவளைப் பகுதியிலே கிணறுகள் வற்றி, வீட்டுச் சுவர்கள் வெடித்து, மக்கள் பட்ட துன்பத்தை நீங்கள் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். முன்னே துளைக்கும் பல்லை மட்டும் கண்டு வியப்பவர்கள், பின்னே பூசும் சுண்ணாம்பையும் அதற்குச் சமமாக மதித்தல் வேண்டும் என்றே இதனைக் கூறுகிறேன். துளைப்பது பாதி வேலை. நீரை அடைப்பது மற்றப் பாதி.

அடுத்து மீன்கொத்தி. குளக்கரையிலே அதனைக் காணாதவர் நம்மவருள் யார்? யப்பானிலே ஒசாக்காவுக்கும் ஹக்காத்தாவுக்கும் இடையே ஓடும் அதிவிரைவு ரயிற்பாதையில் ஏறத்தாழப் பாதி சுரங்கப் பாதை. ரயில் மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்திற் சுரங்கத்தினுள் நுழையும்போது, மூங்கிற் குழாயிலே தக்கையை அடைத்துத் தள்ளினாற்போல உள்ளேயிருக்கும் காற்றை நெருக்குகிறது. அந்நெருக்கம் ஒலியின் வேகத்தில் முன்னே ஓடி, மறுவாசலில் வெடிபோல முழங்குகிறது. ரயில் வருமுன்னே வெடி வந்துவிடும். சுற்றிலும் வாழ்வோர் எவ்வாறு உறங்குவர்? குடியிருப்புக்களில் ரயிலின் ஓசை 70 டெசிபெல்லுக்கு மேற்படலாகாது என்பது அந்நாட்டின் நியமம். ஆகவே வேகத்தைக் கூட்டுவதற்குத் தடையாய் நின்றது யந்திரத்தின் சக்தியன்று, சத்தமே.

இவ்வேலையிற் பொறுப்பாயிருந்த எய்ஜி நகாட்சு என்பவர் பொறியியலாளர். ஓய்வு நேரத்திற் பறவை பார்ப்பவர். தடை குறைந்த வெளியிலிருந்து தடை மிகுந்த இடத்தினுள் திடீரெனப் புகும் சீவன் எது என்று தம்மைத் தாமே கேட்டார். காற்றிலிருந்து நீரினுட் பாய்ந்தும் நீரைத் தெறிக்கவிடாத மீன்கொத்தி நினைவுக்கு வந்தது. பல வடிவக் குண்டுகளைச் செய்து குழாயினுள் எய்து அளந்தனர்; கணினியிலும் ஆராய்ந்தனர். மிகச் சிறந்ததென வெளிப்பட்ட வடிவம் அப்பறவையின் அலகுக்கு மிக நெருங்கியதாய் இருந்தது. அலகு நுனியிலிருந்து தலை வரை மெல்ல மெல்லப் பருப்பதனால், காற்று ஒரே அடியாக நெருக்கப்படாமற் சிறிது சிறிதாக நெருக்கப்படுகிறது. 15 மீற்றர் நீள மூக்குடன் 1997 இல் அந்த "500 தொடர்" ரயில் ஓடத் தொடங்கியது.

அதன் கூரையிலே மின்கம்பியைத் தொட்டு மின்சாரம் வாங்கும் கை ஒன்று உண்டு. அதுவும் காற்றிற் சீறியது. அதற்கு ஆந்தையிடம் வழி கேட்டனர். ஆந்தைச் சிறகின் முன்விளிம்பிற் சீப்புப் பல் போன்ற சிறு நுனிகள் வரிசையாய் உள்ளன. அவை பெரிய காற்றுச் சுழிகளைச் சிறு சுழிகளாக உடைத்துவிடுவதனால், இரை தலைநிமிருமுன் ஆந்தை வந்துவிடுகிறது. அத்தகைய பற்களை அக்கையிலும் அமைத்தனர், சீற்றம் தணிந்தது.

மீன்கொத்தியின் கதையைச் சொல்வோர் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுவர். அதற்கு அப்பால் நடந்ததுதான் எனக்கு இன்னும் சுவையாய்த் தோன்றுகிறது. நீண்ட மூக்கினால் முதற்பெட்டியில் ஆசனங்கள் குறைந்தன. முனைப்பக்கத்துக் கதவையே விட்டுவிட நேர்ந்தது. வண்டியின் விலையும் அதிகம். ஒன்பது தொடர்களுக்கு மேற் கட்டவில்லை. 1999 இல் வந்த அடுத்த ரயிலின் மூக்கு 9 மீற்றரளவே; பார்ப்பதற்கு வாத்தின் அலகுபோலத் தட்டையானது. 500 தொடர் 2010 இல் மிக விரைவான சேவையினின்று நீக்கப்பட்டது. அப்படியானால் மீன்கொத்தி தோற்றதோ? இல்லை. குறுக்குவெட்டு மெல்ல மெல்லப் பருக்கவேண்டும் என்னும் நியாயத்தை வைத்துக்கொண்டு, அலகின் உருவத்தை விட்டனர். அதுவே வளர்ந்த அறிவு.

உருவத்தை விடாது பற்றியவர்கள் பட்ட பாட்டுக்கு விமானத்தின் வரலாறே சான்று. கிளெமென் அடேர் என்னும் பிரான்சியர் வௌவாலின் சிறகை அப்படியே பார்த்து அமைத்த விமானம் 1890 இல் நிலத்தை விட்டுச் சற்றே எழும்பித் தத்தியது. அதைச் செலுத்தித் திருப்பும் வகை அதில் இல்லை. ஜேர்மானியர் ஒட்டோ லிலியந்தால் நாரையை ஆண்டுக்கணக்காய் ஆராய்ந்து 1889 இல் நூலெழுதியவர். சிறகின் வளைவே பறவையைத் தூக்குகிறதென அளந்து காட்டியவர். ஏறக்குறைய 2,000 தடவை மிதந்து பறந்தபின் 1896 ஓகஸ்டில் விழுந்து மாண்டார். அவருடைய நூலைப் பயின்ற றைற் சகோதரர், பறவை தன் சிறகு நுனியை முறுக்கிச் சமநிலை காப்பதைக் கண்டு, அந்த ஒரு நியாயத்தைக் கயிற்றாலும் கப்பியாலும் தம் விமானத்தில் அமைத்தனர். இறகும் இல்லை, சிறகடிப்பும் இல்லை. 1903 இற் பறந்தனர்.

யானையின் துதிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. கோயில் வீதியிலே அது தென்னோலையையும் தூக்கும், ஒற்றைக் காசையும் எடுக்கும். அதனுள்ளே எலும்பு ஒன்றேனும் இல்லை, முழுவதும் தசை. தசையின் கனவளவு மாறாதாகையால், ஒரு பக்கம் ஒடுங்கினால் மறுபக்கம் நீளும், வளையும். ஜேர்மனியின் பெஸ்ரோ கம்பனியார் 2010 இல் இந்நியாயத்தைப் பின்பற்றிக் காற்றுப் பைகளால் ஒரு யந்திரக் கை செய்தனர். அது மனிதன்மேல் மோதினாலும் வளைந்து கொடுக்கும். இரும்புக் கைக்கு அருகே தொழிலாளி நிற்க அஞ்சுகிறான். இதன் அருகே அஞ்ச வேண்டியதில்லை.

இனி, தவறாகக் கற்ற பாடங்கள் இரண்டு. கப்பல்கள் நீரினுள் ஒலியனுப்பிப் பகைக் கப்பலை அறியும் கருவி வௌவாலைப் பார்த்துச் செய்ததென்று பாடப் புத்தகங்களிலும் காணலாம். உண்மையில் அக்கருவி முதலாம் உலக யுத்தத்தின்போதே பிறந்துவிட்டது. வௌவால் தன் கீச்சொலியின் எதிரொலியால் வழியறிவதை அமெரிக்காவிலே கிறிபின் என்பவர் நிறுவியதோ 1938 இற்குப் பின். ஆயினும் 1912 இல் தைத்தானிக் கப்பல் மூழ்கியபின், ஹிரம் மக்சிம் என்னும் பொறியியலாளர், வௌவால் செவிக்கெட்டா ஒலியால் வழியறிகிறது, கப்பலும் அவ்வாறு செய்யலாம் என்று எழுதினார். வௌவாலின் ஒலி அதன் சிறகடிப்பிற் பிறப்பதென்று அவர் கருதியது பிழை, எண்ணம் சரி.

மற்றது மரங்கொத்தி. அது நாள்தோறும் மரத்தில் மோதியும் மூளை கலங்காதிருப்பதற்கு, மண்டையோட்டிலுள்ள பஞ்செலும்பு அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறதென்று பலகாலம் நம்பி, தலைக்கவசம் முதலியவற்றை அதன்படி அமைக்கலாயினர். 2022 இல் அன்ற்வேப் நகரத்து ஆராய்ச்சியாளர் விரைவுப் படக்கருவியால் அளந்தபோது, தலை முழுவதும் கெட்டியான சுத்தியல்போலவே அடிக்கிறதெனக் கண்டனர். அதிர்ச்சியைத் தாங்கும் சுத்தியலால் ஆணி அறைய முடியுமா? மூளை மிகச் சிறிதாயிருப்பதே அப்பறவைக்குக் காப்பு. நமது மூளை பெரிது. ஆகவே அதன் மண்டையோட்டைப் பார்த்து மனிதனுக்குக் கவசம் செய்பவன், மனிதன் உயிரைப் பணயம் வைக்கிறான். இங்கே விலங்கியல் தெரியாத பொறியியலும், கணக்குத் தெரியாத விலங்கியலும் சேர்ந்து நம்மை ஏமாற்றின.

இறுதியாகப் பல்லி. அது சொல்லும் பலனைப் பெரியோர்கள் அறிவர். நான் அதன் காலைப் பற்றி மட்டும் பேசுவேன். பல்லியினத்திற் பெரியதொன்றின் ஒரு பாதத்திலே ஏறக்குறைய ஐந்து இலட்சம் நுண்மயிர்கள் உண்டு. ஒவ்வொன்றும் நுனியில் நூற்றுக்கணக்காகப் பிரிந்து தட்டையாகிறது. பசையும் இல்லை, உறிஞ்சுதலும் இல்லை. இரு பொருள்கள் மிக மிக நெருங்கும்போது மூலக்கூறுகளிடையே எழும் மெல்லிய கவர்ச்சியே அதைத் தாங்குகிறதென்று அமெரிக்காவிலே கெலர் ஓட்டம் என்பவரும் கூட்டாளிகளும் 2000, 2002 ஆம் ஆண்டுகளில் அளந்து காட்டினர். மஞ்செஸ்டர் நகரத்திலே அந்திரே கெயிம் என்பவர் 2003 இல் அத்தகைய நாடா ஒன்று செய்தார். பின்னாளில் வேறொரு கண்டுபிடிப்புக்காக நோபெல் பரிசு பெற்றவர் அவர். அந்நாடா சில முறையே ஒட்டியது. பல்லியோ ஒரு விநாடியிற் பலமுறை ஒட்டியும் கழன்றும் ஓடுகிறது. வித்தை ஒட்டுவதில் இல்லை, கழற்றுவதில் இருக்கிறது: மயிரின் சாய்வு ஒரு கோணத்தைக் கடந்தவுடன் தானே கழன்றுவிடும். இச்சாய்வையும் பின்பற்றியபின்னரே, 2014 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் செய்த கைத்தகடுகளைக் கொண்டு 70 கிலோ நிறையுள்ள மனிதர் கண்ணாடிச் சுவரில் ஏறினார்.

இச்சங்கத்து இளைஞருக்கு ஒரு வேலை தருகிறேன். கணிதப் பிரிவினர் இருவரும் உயிரியற் பிரிவினர் இருவருமாக ஒரு குழு அமைத்து, இரவிலே யன்னற் கண்ணாடியின் வெளிப்புறத்திற் பல்லி ஏறும்போது உட்புறம் நின்று பாருங்கள். அது ஓரடி எடுத்து வைக்குமுன் விரல் நுனி எப்பக்கமாகச் சுருள்கிறதென்று உயிரியற் பிரிவினர் வரையட்டும். எக்கோணத்திற் சுருள்கிறதென்று கணிதப் பிரிவினர் அளக்கட்டும். பூதக்கண்ணாடி என்னிடம் இருக்கிறது; அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருவேன்.